குதிரைகளோடு பிட்டர்ரூட் மலைப்பள்ளத்தாக்குக்கு வேட்டைக்காரராகக் குடிபோவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மேற்கு எல்லையை ஒட்டி இருக்கிறது பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு. மேற்கே பிட்டர்ரூட் மலைத்தொடர், கிழக்கே சஃபையர் மலைகள், நடுவே வடக்கு நோக்கி ஓடும் ஆறு. ஆற்றோரமாகவே 93-ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. ஸ்டீவன்ஸ்வில், விக்டர், ஹாமில்டன், டார்பி என்று சின்னச் சின்ன ஊர்கள். ஹாமில்டன் சுமார் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் டிராப்பர் சிகரம் 10,157 அடிக்கு நிற்கும். பிட்டர்ரூட் தேசியக் காடு ஏறக்குறைய 16 லட்சம் ஏக்கர். அதில் பாதி, மோட்டார் வண்டியோ சைக்கிளோ நுழையக் கூடாத 'வில்டர்னஸ்' நிலம். உள்ளே போக வேண்டுமென்றால் இரண்டே வழி: நடந்து போவது, இல்லாவிட்டால் குதிரை.

இதனால்தான் குதிரை வைத்திருக்கும் வேட்டைக்காரர்கள் இங்கே குடிவர ஆசைப்படுகிறார்கள். அவர்கள் மட்டுமா? வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், தொலைக்காட்சித் தொடரில் பண்ணை வாழ்க்கையைப் பார்த்து மயங்கியவர்கள் எல்லாரும் வருகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் ரவல்லி மாவட்டத்தின் மக்கள்தொகை 1990-இல் 25,010, 2020-இல் 44,174. அப்பன் பாட்டன் காலத்தில் மாடு மேய்ந்த வயல்கள் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் மனைகளாகிவிட்டன. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கேயே வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. புதிதாக வருகிறவர் இந்த மனத்தாங்கலுக்கு நடுவில்தான் வந்து இறங்குகிறார் என்பதை மறக்கக் கூடாது.

இந்த மண் வந்தேறிகளை முன்பும் பார்த்திருக்கிறது. 1805 செப்டம்பரில் லூயிஸ், கிளார்க் என்பவர்களின் ஆய்வுப்பயணக் குழுவினர் பள்ளத்தாக்கின் தெற்கு முனைக்கு வந்தபோது, அவர்களுக்குக் குதிரை கொடுத்தவர்கள் இங்கே வாழ்ந்த சாலிஷ் பூர்வகுடி மக்கள். அதே சாலிஷ் மக்களை, தலைவர் சார்லோவோடு, 1891-இல் இங்கிருந்து வடக்கே இருக்கும் ஒதுக்கீட்டு நிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் 1900-களின் தொடக்கத்தில் ஆப்பிள் மோகம். ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி, 'பழத்தோட்டம் வைத்துப் பணக்காரர் ஆகலாம்' என்று கிழக்கு நகரங்களில் விளம்பரம் செய்து மனை விற்றார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் கம்பெனி திவால். வாய்க்கால் மட்டும் இன்றும் ஓடுகிறது.

வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் நிலத்தை வாங்கி, பிறகு வேலி போட்டு, பிறகு குதிரையைக் கொண்டுவந்து, கடைசியில் அண்டை அயலாரைத் தெரிந்துகொள்கிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலம் கடைசி. முதல் வருடம் வாடகை வீடு, குதிரைகளுக்கு வாடகை லாயம். கீழே வரும் படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முதல் படி: வந்து சேரும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

மொன்டானாவில் உள்ளூர்வாசி என்ற தகுதியில் வேட்டை உரிமம் வாங்க, அங்கே தொடர்ந்து 180 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நிலம் வாங்கிவிட்டாலோ சொத்து வரி கட்டிவிட்டாலோ அந்தத் தகுதி வந்துவிடாது. முதன்மை வீடு அங்கே இருக்க வேண்டும், வண்டிகளை அங்கே பதிவு செய்திருக்க வேண்டும், வருமான வரியை உள்ளூர்வாசியாகத் தாக்கல் செய்ய வேண்டும், வேறு எந்த மாநிலத்திலும் உள்ளூர்வாசிச் சலுகை எதையும் அனுபவிக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமத்தை வந்த 60 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பொய்யாக உள்ளூர்வாசி என்று சொல்லி உரிமம் வாங்குவது குற்றம்; வேட்டை உரிமையே பறிபோகும்.

வித்தியாசம் சின்னதல்ல. உள்ளூர்வாசிக்கு எல்க் (பெரிய மான் இனம் ஒன்று) உரிமம் சில பத்து டாலர். வெளியூர்க்காரருக்கு எல்க்கும் மானும் சேர்ந்த உரிமம் ஆயிரம் டாலருக்கு மேல். அதுவும் குலுக்கலில் விழுந்தால்தான்.

சரி, எந்த மாதம் வருவது? என் கணக்கு இது. சில வட்டாரங்களில் ஆண் எல்க்குக்கும் பெரிய கிடா மானுக்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கான குலுக்கலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் 1. செப்டம்பர் 20 வாக்கில் குடிவந்தால் மார்ச் மூன்றாம் வாரத்தில் 180 நாள் முடிந்துவிடும். அந்த வருடக் குலுக்கலிலேயே உள்ளூர்வாசியாகக் கலந்துகொள்ளலாம். அக்டோபர் நடுவில் வந்தால் அந்த வாய்ப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும். செப்டம்பரில் வருவதில் இன்னொரு நன்மையும் உண்டு: முதல் வேட்டைப் பருவத்தைத் துப்பாக்கி எடுக்காமல் வேடிக்கை பார்க்கலாம். யார் எங்கே வண்டி நிறுத்துகிறார்கள், எந்தப் பள்ளத்தில் எல்க் இறங்குகிறது, எந்த கேட் திறந்திருக்கிறது என்றெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

1985 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும். கருங்கரடி உரிமத்துக்கு, கருங்கரடியையும் கிரிஸ்லி கரடியையும் பிரித்தறியும் தேர்வு ஒன்று தனியாக உண்டு. வில் வேட்டை செப்டம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஆறு வாரம். துப்பாக்கிப் பருவம் அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி, நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வரை ஐந்து வாரம். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி தெரிய வேண்டும். வட்டார எல்லைகளும் அனுமதி விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த வருடத்து விதிப்புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள்.

இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்றாலே நமக்குக் குற்றம்தான் நினைவுக்கு வரும். அங்கே நிலைமை வேறு. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் மத்திய வரி, 1937-ஆம் வருடச் சட்டப்படி, மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. உரிமக் கட்டணமும் அப்படியே. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது இந்த எண்ணத்தில் இருந்தால், குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசாமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: குதிரைகளின் காகிதங்கள்

மாநில எல்லையைக் கடக்க, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும், காக்கின்ஸ் என்ற ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்ற முடிவும் வேண்டும். பரிசோதனை கடந்த 12 மாதத்துக்குள் செய்ததாக இருக்கட்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பிடியுங்கள். ஆய்வக முடிவு வர நாளாகும்.

மொன்டானாவுக்குள் வந்தபின் இன்னொரு சங்கதி: சூட்டுக்குறி ஆய்வு. குதிரை கைமாறினாலோ மாவட்ட எல்லை தாண்டினாலோ மாநிலக் கால்நடைத் துறையின் ஆய்வாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். குதிரைத் திருட்டு நடந்த காலத்து வழக்கம் என்று நினைத்து அலட்சியம் செய்யாதீர்கள், இன்றும் சட்டம்தான். ஒவ்வொரு தடவையும் ஆய்வாளரைத் தேடுவதற்குப் பதில், அந்தக் குதிரைக்கு நிரந்தரப் பயண அனுமதி ஒன்றை வாங்கி டிரெய்லரிலேயே வைத்துவிடுங்கள்.

எத்தனை குதிரை? ஒருவர் தனியாக என்றால் சவாரிக்கு ஒன்று, பொதிக்கு இரண்டு. ஒரு ஆண் எல்க்கின் இறைச்சியை இறக்க இரண்டு பொதிக்குதிரை வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு. பொதிக்குக் கோவேறு கழுதை கிடைத்தால் விடாதீர்கள். பாறை வழியில் அது கால் வைக்கும் நிதானம் குதிரைக்கு வராது. அழகான, துள்ளலான இளங்குதிரையைவிடப் பன்னிரண்டு வயதான, மலை பார்த்த, சலிப்பே படாத குதிரை பத்து மடங்கு மேல்.

மூன்றாம் படி: குளிர்காலத்தைக் கடப்பது

கோடைகாலத்தில் வந்து பார்த்துவிட்டு நிலம் வாங்குகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் கடைசி வரை மேய்ச்சல் கிடையாது. 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ உலர்புல் தின்னும். ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன். மூன்று குதிரைக்கு ஆறு டன். ஜூன், ஜூலையில் அறுப்பு நடக்கும்போது வயலிலிருந்தே நேராக வாங்குவதுதான் மலிவு. பிப்ரவரியில் தேடினால் விலை ஏறியிருக்கும், சில சமயம் சரக்கே இருக்காது. செப்டம்பரில் வந்து இறங்குகிறவர் அந்த ஜூலையிலேயே ஒரு விவசாயியிடம் பேசி முன்பணம் கொடுத்து வைத்துவிட வேண்டும். பல நேரம் உங்களுக்கு ஊரில் அறிமுகமாகும் முதல் ஆளே அவராகத்தான் இருப்பார். கட்டுகளை ஏற்றிவிட ஒரு நாள் கூட நின்று உதவுங்கள்.

குளிரைவிடத் தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. குதிரைக்கு ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது லிட்டர் வேண்டும். பனியைத் தின்று சமாளிக்கும் என்பது தவறு; தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்து வயிற்று வலி வரும், அதில் குதிரை செத்தும் போகும். தொட்டிக்குள் போடும் மின்சூடேற்றி ஒன்று வாங்கி, அதன் ஒயரைக் குதிரை கடிக்காதபடி குழாய்க்குள் செருகிவிடுங்கள். காற்றை மறைக்க ஒரு கூரை போதும். முடி அடர்ந்த குதிரைக்குப் போர்வை தேவையில்லை. கடுங்குளிர் நாளில் புல்லைக் கூட்டிப் போடுங்கள்: நார் குடலில் புளித்துச் செரிக்கும்போது பிறக்கும் வெப்பம்தான் அதற்குக் கணப்பு.

லாடம் அடிப்பவரை வந்த வாரமே தேடிப் பிடியுங்கள். நல்ல ஆளுக்கு எப்போதும் வேலை நிறைந்திருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வர ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் பெரிய பாரம் குறைந்தது. சொன்ன நேரத்தில் குதிரையைப் பிடித்து, காலைத் துடைத்து வையுங்கள்; அடுத்த தடவையும் வருவார்.

நான்காம் படி: பொதி கட்டக் கற்பது

சவாரி தெரிந்தவர்கள்கூடப் பொதி தெரியாமல் மலைக்குப் போய் மாட்டிக்கொள்வதுண்டு. நிதானமாகக் கற்க வேண்டிய கலை இது.

இந்தப் பகுதியில் அதிகம் புழங்குவது டெக்கர் என்ற பொதிச்சேணம். இரண்டு இரும்பு வளைவுகள், பக்கவாட்டில் பலகை, மேலே கித்தான் உறை. சாமான்களைக் கித்தான் துணியில் செங்கல் போலச் சதுரமாக மடித்துக் கயிறு போட்டு, வளைவிலிருந்து இரண்டு பக்கமும் தொங்க விடுவார்கள். இல்லையென்றால் இரண்டு பெட்டிகள். எப்படியானாலும் விதி ஒன்றுதான்: இரண்டு பக்கமும் ஒரே எடை. கொக்கித் தராசு ஒன்றை மரக்கிளையில் மாட்டி ஒவ்வொரு பொதியையும் தூக்கிப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிரித்துக் கட்டுங்கள். வலப்பக்கம் இரண்டு கிலோ கூடினால் ஏற்றத்தில் சேணம் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சரியும், முதுகு உரசிப் புண்ணாகும், கடைசியில் பொதி வயிற்றுக்கடியில் போய்க் குதிரை மிரண்டு ஓடும். ஒரு குதிரையின் மொத்தப் பொதி 70 கிலோவைத் தாண்ட வேண்டாம். கிளம்பிக் கால் மணி நேரத்தில் நிறுத்தி வயிற்றுப்பட்டையை மறுபடி இறுக்குங்கள். கிளம்பும்போது வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கும் குதிரை அதற்குள் மூச்சை விட்டிருக்கும்.

இன்னொரு சின்ன நூல் விஷயம். பொதிக்குதிரைகளை ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டும்போது, முன் குதிரையின் சேணத்திலிருந்து பின்னால் ஒரு மெல்லிய கயிறு வளையம் தொங்கும். பின் குதிரையின் தலைக்கயிற்றை அந்த வளையத்தில்தான் கட்ட வேண்டும், சேணத்தில் நேரடியாகக் கட்டக் கூடாது. அந்த மெல்லிய கயிறு அறுந்து போவதற்காகவே இருக்கிறது. செங்குத்துப் பாதையில் ஒரு குதிரை தவறி விழுந்தால் கயிறு அறுந்து மற்றவை பிழைக்கும். கெட்டியான கயிறு போட்டால் வரிசையே பள்ளத்தில் போகும்.

பள்ளத்தாக்குக்கு வடக்கே இருக்கும் மிசூலா நகரத்துக்கு மேற்கே நைன்மைல் என்ற இடத்தில் காட்டுத்துறை 1930 முதல் பொதிக் கால்நடைகளைப் பராமரித்து வந்த நிலையம் இருக்கிறது. அங்கே பொதி கட்டும் வகுப்புகள் நடக்கும். வசந்தகாலத்தில் ஒரு வகுப்பு முடித்துவிடுங்கள். அதன்பின் வேட்டைக்கு எட்டு வாரம் முன்பிருந்தே குதிரைகளை ஏற்றத்தில் நடக்கவிட்டுப் பழக்குங்கள். துப்பாக்கிச் சத்தம், ரத்த வாடை, முதுகில் பச்சைத் தோல், கிளையில் உரசும் கித்தான் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். குதிரையின் மேலிருந்து ஒருபோதும் சுடாதீர்கள். இறங்கி, கட்டிவிட்டு, விலகிப் போய்ச் சுடுங்கள்.

காட்டுக்குள் குதிரையை நேராக மரத்தில் கட்டி இரவு முழுக்க விடுவது பெரிய பாவம். குளம்பால் வேரைப் பறித்து மரத்தையே கொன்றுவிடும். இரண்டு மரங்களுக்கு நடுவே, தலைக்கு மேலே கயிறு இழுத்து, மரப்பட்டை காயப்படாமல் அகலப் பட்டை சுற்றி, அந்தக் கயிற்றில் கட்டுங்கள். தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி இருக்கட்டும். மொன்டானாவின் தேசியக் காடுகளுக்குள் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற உலர்புல் மட்டுமே கொண்டு போகலாம். மூன்று நான்கு நாள் முன்பிருந்தே அதைத் தின்னக் கொடுத்தால், சாணத்தில்கூடக் களைவிதை போகாது.

ஐந்தாம் படி: பாதை வெட்டப் போங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. வில்டர்னஸ் பகுதிக்குள் மோட்டார் ரம்பத்துக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் பாதைக்குக் குறுக்கே விழும் நூற்றுக்கணக்கான மரங்களைக் கையால் இழுக்கும் பெரிய ரம்பம் கொண்டுதான் அறுக்க வேண்டும். தீயில் வெந்து நிற்கும் மரங்கள் வேறு வருடாவருடம் சாய்கின்றன. காட்டுத்துறைக்கு ஆள் போதவில்லை. இந்த வேலையில் ஒரு நல்ல பங்கை எடுத்துச் செய்வது பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென் என்ற குதிரைக்காரர் சங்கம். 1973-இல் மொன்டானாவின் ஃபிளாட்ஹெட் பள்ளத்தாக்கில் தொடங்கியது. பிட்டர்ரூட்டிலும் கிளை உண்டு.

மே, ஜூன் மாதங்களில் அவர்களோடு போங்கள். ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்கிறவரை அங்கே யாரும் அந்நியராகப் பார்ப்பதில்லை. எந்த ஓடையைக் குதிரை கடக்காது, எங்கே டிரெய்லர் திருப்ப இடமில்லை, எந்தச் சரிவில் கல் உருளும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானாகப் பேச்சில் வரும். எல்க் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள், அதற்கு இரண்டு வருடம்கூட ஆகலாம்.

ஆறாம் படி: எங்கே வேட்டையாடலாம், எங்கே கூடாது

மொன்டானாவில் தனியார் நிலத்தில் வேட்டையாட முன் அனுமதி கட்டாயம். பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே சட்டம்தான். கம்பத்தில் ஆரஞ்சு வண்ணப் பூச்சு தெரிந்தால் உள்ளே நுழையாதே என்று பொருள்.

பொது நிலம் நிறைய இருந்தாலும் அதற்குப் போகும் வழி தனியார் நிலத்துக்குள் இருப்பதுதான் இன்றைய சண்டைகளுக்கெல்லாம் வேர். முன்பு பண்ணைக்காரர் கேட்டைத் திறந்துவிடுவார். பண்ணை கைமாறியதும் புதிய முதலாளி பூட்டுப் போடுகிறார். நெருக்கடி இல்லாத அந்த நிலங்களில் எல்க் கூட்டம் தங்கிவிடுகிறது. எல்க் எண்ணிக்கை அதிகம் என்று ஒரு பக்கம் புகார், எல்க்கே கிடைக்கவில்லை என்று மறுபக்கம் புகார், இரண்டும் உண்மை. இதே பள்ளத்தாக்கில் மிட்செல் ஸ்லூ என்ற ஓடையை நில உரிமையாளர்கள் அடைக்கப் பார்த்து, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2008-இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் ஊரில் சூடாகப் பேசுவார்கள்.

நான்கு மனைகள் ஒரு மூலையில் சேரும் இடத்தில், பொது நிலத்திலிருந்து எதிர்மூலைப் பொது நிலத்துக்குத் தாண்டலாமா என்ற கேள்வி வயோமிங்கில் பெரிய வழக்கானது. 2025-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் வேட்டைக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் மொன்டானா வராது. அதனால் வயோமிங் செய்தியைப் படித்துவிட்டு இங்கே மூலை தாண்டாதீர்கள்.

நேர்வழி இரண்டு. ஒன்று, பிளாக் மேனேஜ்மென்ட் திட்டம்: தனியார் நில உரிமையாளர்கள் மாநில வனவிலங்குத் துறையோடு ஒப்பந்தம் செய்து பொதுமக்களை வேட்டைக்கு அனுமதிக்கிறார்கள். மாநிலம் முழுக்க ஏறத்தாழ 70 லட்சம் ஏக்கர். இரண்டாவது, கதவைத் தட்டிக் கேட்பது. துப்பாக்கிப் பருவம் தொடங்கும் நாள் விடியற்காலையில் தட்டக் கூடாது. மார்ச்சில் கன்று ஈனும் காலத்தில், வேலி கட்டும் நாளில், உதவிக்கு ஆள் தேவைப்படும்போது போய் நில்லுங்கள். அனுமதி கிடைத்தால் கேட்டைப் பார்த்தபடியே விட்டுவிட்டுப் போங்கள்: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி.

ஏழாம் படி: ஓநாய், கரடி, மலைச்சிங்கம்

1995, 96-இல் யெல்லோஸ்டோனிலும் நடு ஐடஹோவிலும் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பிட்டர்ரூட்டுக்கும் பரவின. எல்க் குறைந்ததற்கெல்லாம் ஓநாயே காரணம் என்று கடைக்குக் கடை கேட்பீர்கள். 2011-இல் தொடங்கி இந்தப் பள்ளத்தாக்கின் தெற்குப் பகுதியில் எல்க் கன்றுகளுக்கு அடையாளக் கருவி மாட்டி ஆராய்ந்தபோது, கன்றுகளை அதிகம் கொன்றது மலைச்சிங்கம் என்று தெரிய வந்தது. வந்த புதிதில் இந்த விவாதத்தில் வாய் கொடுக்க வேண்டாம். மாடு இழந்தவருக்கு ஓநாய் ஒரு கொள்கைப் பிரச்சினை இல்லை, பிழைப்புப் பிரச்சினை.

கிரிஸ்லி கரடி 1975 முதல் மத்தியப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பிட்டர்ரூட்டில் நிலையான கூட்டம் இல்லை என்றாலும் தனிக்கரடிகள் வருகின்றன. 2018-இல் ஸ்டீவன்ஸ்வில் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்திலேயே ஒன்றைப் பிடித்தார்கள். கரடித் தெளிப்பானை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், சேணப்பையில் வேண்டாம்: கரடியைக் கண்டதும் முதலில் ஓடுவது குதிரைதான். உணவு, குதிரைத் தீவனம், குப்பை, இறைச்சி எல்லாமே கரடி திறக்க முடியாத பெட்டியில் இருக்கட்டும், இல்லையென்றால் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் தொங்கட்டும்.

துப்பாக்கிப் பருவத்தில் குதிரைக்கும் ஆரஞ்சுப் பட்டை கட்டுங்கள், கழுத்தில் மணியும் கட்டுங்கள். மங்கலான வெளிச்சத்தில் பழுப்புக் குதிரை எல்க் போலத்தான் தெரியும்.

எட்டாம் படி: சுட்ட பிறகு

எல்க் விழுந்த நொடியிலிருந்து வேலை தொடங்குகிறது. செப்டம்பர் வெயிலில் இறைச்சி கெடுவது தொடையெலும்பு மூட்டைச் சுற்றித்தான். உடனே தோலுரித்து, நான்கு கால் துண்டுகளாகப் பிரித்து, துணிப்பையில் போட்டு, காற்றாட நிழலில் தொங்க விடுங்கள். உரிமச்சீட்டைப் பூர்த்தி செய்யாமல் எதையும் நகர்த்தாதீர்கள். ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் விதிப்படி உடலோடு இருக்க வேண்டும். பின்னங்கால் இரண்டும் ஒரு குதிரைக்கு, முன்னங்கால் இரண்டும் மீதி இறைச்சியும் இன்னொன்றுக்கு. கொம்பை ஏற்றும்போது முனைகளில் துணி சுற்றி, விலாவில் குத்தாதபடி முனைகள் வெளியே பார்த்திருக்கும்படி கட்டுங்கள். நீங்கள் நடந்து இறங்குங்கள். சவாரிக்குதிரைக்கும் ஒரு பங்கு பாரம் கொடுக்கலாம்.

மான் இனங்களைத் தாக்கும் உயிர்க்கொல்லி மூளைநோய் 2017-இல் மொன்டானாவின் காட்டு மான்களில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் சுட்ட இடத்திலிருந்து கொண்டுவந்த தலையையும் முதுகெலும்பையும் ஓடையோரத்தில் வீசிவிட்டு வரக் கூடாது, குப்பைக் கிடங்கில்தான் சேர்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வனவிலங்குத் துறையிடம் பரிசோதனைக்குக் கொடுங்கள். இறைச்சியில் ஒரு பங்கை உலர்புல் கொடுத்தவருக்கும், வழி கொடுத்தவருக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: இப்போது நிலம்

ஒரு குளிர்காலமும் ஒரு வேட்டைப் பருவமும் கடந்த பின் இன்னும் ஆசை இருந்தால் நிலம் பாருங்கள்.

முதலில் தண்ணீர். நம் ஊரில் தலைமடைக்காரருக்கு முதல் தண்ணீர், கடைமடைக்கு மிச்சம். மொன்டானாவில் நிலம் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. உரிமை எந்த வருடத்தது என்பதுதான் கணக்கு. 1880-களின் உரிமை கடைமடையில் இருந்தாலும், வறட்சி வருடத்தில் தலைமடையில் இருக்கும் 1905-ஆம் வருட உரிமைக்காரர் மடையை அடைத்துவிட்டுத் தண்ணீரைக் கீழே விட வேண்டும். பத்திரத்தில் நீருரிமை நிலத்தோடு சேர்ந்து வருகிறதா, விற்பவர் பிரித்து வைத்துக்கொண்டாரா, முன்னுரிமைத் தேதி என்ன என்று பாருங்கள். வாய்க்கால் உங்கள் நிலத்தில் ஓடுவதால் தண்ணீர் உங்களுடையது ஆகிவிடாது. தூர்வார வாய்க்கால்காரர் உள்ளே வர உரிமை உண்டு, அவர் வழியில் வேலியோ கொட்டகையோ போடக் கூடாது. வீட்டுக்கிணறு நிமிடத்துக்கு 35 காலன், வருடத்துக்கு 10 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி) என்ற வரம்புக்குள் இருந்தால் எளிய வழியில் பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து மேய்ச்சல். பாசனம் இல்லாத ஐந்து ஏக்கரில் மூன்று குதிரை என்பது மேய்ச்சல் நிலம் இல்லை, உடற்பயிற்சி முற்றம். இரண்டு கோடையில் புல் போய்ப் புள்ளி நாப்வீட் களை மண்டும். ஹவுண்ட்ஸ்டங் என்ற களை குதிரையின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. தன் நிலத்துக் களையைக் கட்டுப்படுத்துவது உரிமையாளரின் சட்டக் கடமை; மாவட்டக் களைத்துறையினர் நேரில் வந்து அடையாளம் காட்டுவார்கள். மனைத்திட்டத்துக்குள் வாங்கினால், எத்தனை குதிரை வைக்கலாம் என்று மனைப் பத்திர நிபந்தனையில் எழுதியிருக்கும். கையெழுத்துக்கு முன்னே படியுங்கள்.

மொன்டானா திறந்த மேய்ச்சல் மாநிலம். பக்கத்து மாடு உள்ளே வரக் கூடாது என்றால் வேலி போட வேண்டியவர் பொதுவாக நீங்கள்தான். போடும்போது மேல்கம்பி 42 அங்குலத்தைத் தாண்டாமல், கீழ்க்கம்பி முள்ளில்லாமல் தரையிலிருந்து 16, 18 அங்குலம் விட்டுப் போடுங்கள். மான் தாண்டும், குட்டி நுழையும்.

தீயைப் பற்றி நிறையவே யோசியுங்கள். 2000-ஆம் வருடக் கோடையில் இந்தப் பகுதியில் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 2016-இல் ஹாமில்டன் பக்கத்து ரோரிங் லயன் தீயில் வீடுகள் போயின. காட்டை ஒட்டிய நிலத்துக்குக் காப்பீடு கிடைக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். சாலையில் டிரெய்லர் திருப்ப இடம் உண்டா, வெளியேற இரண்டாவது வழி உண்டா, பனிக்காலத்தில் அந்தச் சாலையைச் சுத்தம் செய்வது யார் என்பதையும் பாருங்கள். புகை மூட்டத்தில், இருட்டில், மிரண்ட குதிரைகளை டிரெய்லரில் ஏற்றும் ஒத்திகையை ஜூலையிலேயே செய்து பழக்கிவிடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த நிலத்தின் வழியாக இத்தனை வருடம் யாரெல்லாம் காட்டுக்குப் போனார்கள் என்று விற்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலம் பெரியதாக இருந்தால் மிசூலாவில் இருக்கும் வனவிலங்குத் துறையின் இரண்டாம் மண்டல அலுவலகத்துக்குப் போய், பிளாக் மேனேஜ்மென்ட் திட்டத்தில் சேர முடியுமா என்று விசாரியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்தக் கேட் வழியாக, வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். சின்ன நிலம் என்றால் அந்தப் பட்டியலில் இருப்பவர்களை அக்டோபருக்கு முன்பே தேடிப்போய்ப் பாருங்கள். வழி பழையபடி திறந்திருக்கும் என்று சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.